சட்டைப்பை மடக்குக் கத்திக்கு 2,000 ரிங்கிட் கொடுக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை நிதானமாகப் படித்தேன். முதல் போனஸ் வந்திருக்கிறது, 2,000 ரிங்கிட் வரை செலவு செய்யத் தயார், உயர்தரமான மடக்குக் கத்தி ஒன்றை வாங்கித் தினமும் பேண்ட் பையிலேயே வைத்துக்கொள்ள ஆசை. கிரிஸ் ரீவ் கம்பெனியின் செபென்சா என்ற கத்தியை வாங்கலாமா, எந்த எஃகு சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பங்சார் சவுத்தில் கணினி வேலை. ஆபிஸில் பெட்டி பிரிப்பது, மதியம் பழம் நறுக்குவது, மாதம் ஒருமுறை நண்பர்களோடு கிள்ளான் பக்கம் படகில் போய்த் தூண்டில் போடுவது, இவைதான் கத்திக்கு வேலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எஃகைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த விலைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? நம் ஊர்க் காற்றையும் கடலையும் எது தாங்கும்? மலேசியாவில் ஒரு கத்தியைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாமா? மூன்றாவதை நீங்கள் கேட்கவே இல்லை. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

அதற்கு முன் நான் யார் என்று இரண்டு வரி. பினாங்கு பாயான் லெப்பாஸில் டூல்ரூம் (தொழிற்சாலைக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் பட்டறை) வேலையில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். தகட்டை வெட்டும் பஞ்ச், டை செய்வது, கிரைண்டிங், எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் போட்டு வந்ததைக் கடினத்தன்மை சோதித்து வாங்குவது, இதுதான் என் தொழில். கத்தி என் தொழில் இல்லை, பிடித்த விஷயம். ஆகவே எஃகு, பதம், விளிம்பு பற்றி நான் சொல்வதை அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் பற்றிச் சொல்வதை, படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சாதாரண குடிமகனின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் வழக்கறிஞன் இல்லை.

நம் நாட்டில் 1958ஆம் வருடத்து அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 357ஆம் சட்டம் என்பார்கள். அதன் 6ஆம் பிரிவு, பொது இடத்தில் தக்க அதிகாரமோ சட்டப்படியான நோக்கமோ இல்லாமல் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அதோடு பிரம்படியும் உண்டு. தாக்கும் ஆயுதம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லும் விளக்கம் மிக அகலமானது. ஆயுதமாகப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். இத்தனை அங்குலத்துக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்ற கணக்கு அந்த விளக்கத்தில் கிடையாது. மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் சட்டப்படி சரி என்று நம் ஊர்ப் பையன்கள் பலர் நம்புவது வெளிநாட்டுச் சட்டங்களைப் படித்து வந்த பழக்கம். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் வேகத்தில் தானே பாய்ந்து திறக்கும் கத்தி தனி வகை. அது சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, சுங்கத்துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. ஈர்ப்பு விசையாலோ கையை உதறும் வேகத்தாலோ அலகு வெளியே வரும் கத்தியையும் அதே அட்டவணை சொல்கிறது.

இதுவரை சொன்னது ஏட்டில் உள்ளது. இனிச் சொல்வது என் கணிப்பு. சாலைத் தடுப்பில் உங்களை நிறுத்தும் போலீஸ்காரர் உங்கள் பேண்ட் பையின் ஓரத்தில் டைட்டானியம் கிளிப்பைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது அந்த நேரத்தையும் இடத்தையும் உங்கள் பதிலையும் பொறுத்தது. பழம் நறுக்க என்று நீங்கள் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரவு 11 மணிக்கு மஸ்ஜித் இந்தியாவில் உங்கள் பையில் பழம் இருக்காது. நோக்கம் இருக்கிறது என்றால் அந்த நோக்கம் அந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்சார வேலை செய்பவரின் கருவிப்பைக்குள் வயர் வெட்டியோடு கிடக்கும் கத்திக்கும், பூக்கட்டுபவரின் கூடையில் இருக்கும் கத்திக்கும், தூண்டில் பெட்டிக்குள் ஈயக்குண்டுகளோடு இருக்கும் கத்திக்கும் அது பொருந்தும். எல்லாரும் கூடும் இடத்துக்குச் சும்மா எடுத்துப் போகும் கத்திக்குப் பொருந்தாது. 5 ஆண்டு என்பது விளையாட்டுக்கு வைத்துப் பார்க்கும் தொகை இல்லை, தம்பி. உங்கள் இடத்தில் என் மகன் இருந்தால், ‘பேண்ட் பையில் தினமும்’ என்ற பகுதியை விட்டுவிடு என்றுதான் சொல்வேன். ஒரு கத்தி ஆபிஸ் மேசை இழுப்பறையில் இருக்கட்டும், இன்னொன்று தூண்டில் பெட்டியில் இருக்கட்டும். அப்புறம், தைப்பூசக் கூட்டத்துக்கோ நீதிமன்றத்துக்கோ விமான நிலையத்துக்கோ எதையும் கொண்டுபோக வேண்டாம். பினாங்குக்கு விமானத்தில் வந்தால் கத்தி சரக்குப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கைப்பையில் மறந்து வைத்தால் சோதனையிடத்தில் அதைப் பறிகொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டால் உங்கள் கேள்வியே கொஞ்சம் மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? பையில் கிடக்காத கத்திக்கு எடை 50 கிராமா 130 கிராமா என்பது முக்கியமில்லை, கிளிப் எந்தப் பக்கம் என்பதும் முக்கியமில்லை. ஒரு கையால் சட்டென்று திறக்க வேண்டிய அவசரமும் இல்லை. உயர்விலைக் கத்திகளின் விலையில் ஒரு பகுதி இந்த மூன்றுக்கும் போகிறது. மிஞ்சுவது எவ்வளவு நன்றாக வெட்டுகிறது, எவ்வளவு காலம் கூர் நிற்கிறது, துரு ஏறுமா என்பவை. அவற்றில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் வெட்டுவது. ஒரு கத்தி எப்படி வெட்டும் என்பதை முதலில் முடிவு செய்வது எஃகின் பெயர் இல்லை, விளிம்புக்குச் சற்று மேலே அலகு எத்தனை தடிமனாக இருக்கிறது என்பதுதான். சாணை பிடித்த சரிவு முடிந்து அலகின் பக்கவாட்டு முகம் தொடங்கும் இடத்தை அளந்து பாருங்கள். அங்கே அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் கத்தி பழத்துக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் எத்தனை கூராக இருந்தாலும் அது ஆப்பு போலத்தான் வேலை செய்யும். கேரட்டை வெட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெல்லிய அலகு கடைசி வரை வெட்டும், தடித்த அலகு பாதி இறங்கியதும் ‘டக்’ என்று பிளந்துவிடும். நல்ல பெயருள்ள, விலை உயர்ந்த மடக்குக் கத்திகளில் பல 3.5 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் செய்யப்படுகின்றன. கையில் எடுத்தால் உறுதியாக, பணத்துக்கு மதிப்பாகத் தோன்றும். மாம்பழம் நறுக்கினால்தான் குறை தெரியும். விக்டோரினாக்ஸ் கத்தியின் எஃகு கடினத்தன்மையில் வெறும் 56 ராக்வெல்தான், உயர்விலைக் கத்திகள் 60க்கு மேல். ஆனால் அந்தச் சின்னச் சுவிஸ் அலகு அவ்வளவு மெல்லியது, கொய்யாவைச் சீவுவதில் 2,000 ரிங்கிட் கத்திகள் பலவற்றை அது மிஞ்சிவிடும். நானே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டிப் பார்த்தவன்.

அடுத்தது எஃகு. இதில் இணையத்தில் கிடைக்கும் பெயர்ப்பட்டியல்கள் உங்களைக் குழப்பும், ஆகவே என் கையில் பட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். டி2 என்ற எஃகு இப்போது 200, 250 ரிங்கிட் கத்திகளில் சாதாரணமாக வருகிறது. எங்களுக்கு அது பஞ்ச் செய்யும் எஃகு, ஜப்பான்காரன் எஸ்கேடி11 என்பான். அதில் ஏறக்குறைய 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அந்த அளவு இருந்தால் துருப்பிடிக்காத எஃகு என்றுதானே நினைப்போம்? ஆனால் சனிக்கிழமை கிரைண்ட் செய்து துடைத்து எண்ணெய் போடாமல் வைத்த டி2 பஞ்சை, திங்கட்கிழமை காலை எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் ரேகை அப்படியே பழுப்பு நிறத்தில் பதிந்திருக்கும். பாயான் லெப்பாஸ் கடலோரம், வியர்வையில் உப்பு, அது போதும். காரணம் இதுதான்: டி2வில் கரிமம் ஒன்றரை சதவீதம். அந்தக் கரிமம் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கடினமான கார்பைடு மணிகளாக ஆகிவிடுகிறது. தேய்மானத்தைத் தாங்க அந்த மணிகள் நல்லவை, ஆனால் துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் அவற்றுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. எஃகில் கரைந்து சுதந்திரமாக நிற்கும் குரோமியம்தான் மேற்பரப்பில் காப்புப் படலம் போடும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வெளிவந்த எஃகு. அதில் குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2வைவிடக் குறைவு. ஆனாலும் துருவைத் தாங்குவதில் டி2 அதன் பக்கத்தில்கூட வர முடியாது. கரிமத்தைக் குறைத்து, வனேடியமும் நியோபியமும் அந்தக் கரிமத்தைப் பிடித்துக்கொள்ளும்படி அவர் கலவையை அமைத்தார். ஆகவே பதம் போட்ட பிறகு குரோமியக் கார்பைடு மிஞ்சுவதில்லை, குரோமியம் முழுவதும் கரைந்த நிலையில் தன் வேலையைச் செய்கிறது. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முப்பது வருடம் கட்டைவிரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒருவர் உட்கார்ந்து யோசித்து அந்தச் சிக்கலை வேரிலேயே அவிழ்த்திருக்கிறார் என்று தெரிந்தால் வேறு எப்படி இருக்கும்? நம் ஊர்க் காற்றுக்கு, மடக்குக் கத்திக்கு, இன்று ஒரே ஒரு எஃகின் பெயரைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். அதற்கு முன்னால் 2001இல் வந்த எஸ்30வி, பிறகு வந்த எஸ்35விஎன் இரண்டும் இன்னும் நல்ல எஃகுகளே. ஆபிஸ் கத்திக்கு அவையே தாராளம். கடல் தண்ணீர்தான் பிரதானம் என்றால் நைட்ரஜன் கலந்த எல்சி200என் இருக்கிறது. அது கூர் நிற்பதில் கொஞ்சம் பின்தங்கும், துருவில் கவலையே இல்லை.

ஆனால் எஃகின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். 90களின் நடுவில் ஒரு தடவை வெளியே கொடுத்துப் பதம் போட்டு வாங்கிய பஞ்சுகள் ஒரு பெட்டி வந்தன. ராக்வெல் சோதித்தேன், 60, கேட்ட எண்ணேதான். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இயந்திரத்தில் மாட்டிய இரண்டாம் நாளே விளிம்பு உதிர ஆரம்பித்தது. ஒன்றை உடைத்து உள்முகத்தைப் பார்த்தேன். மென்மையான சாம்பல் நிறப் பட்டு போல இருக்க வேண்டிய இடம், சர்க்கரை கொட்டியது போல மணிமணியாக இருந்தது. உலையில் சூட்டை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள், உள்ளே எஃகின் மணிகள் பருத்துவிட்டன. எண் சரி, எஃகு சரி, பஞ்ச் குப்பைக்குப் போனது. அந்த வாரம் முழுவதும் இரவு வேலை பார்த்துப் புதிதாகச் செய்து கொடுத்தோம். கத்திக்கும் இதே கதைதான். ஒரே எஃகின் பெயரைப் பொறித்த இரண்டு கத்திகளில் ஒன்று இரண்டு மாதம் கூர் நிற்கும், இன்னொன்று இரண்டு வாரத்தில் மழுங்கும். நல்ல கம்பெனிக்குக் கொடுக்கும் பணத்தில் நியாயமான பகுதி இதற்குத்தான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த உலை வேலைக்குத்தான். கடையில் நின்று இதைச் சோதிக்க உங்களுக்கு வழியில்லை. பெயரை நம்பித்தான் வாங்க வேண்டும், ஆகவே நம்பத் தகுந்த பெயராக இருக்க வேண்டும்.

இப்போது செபென்சா. கிரிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்யத் தொடங்கி 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர். செபென்சா என்றால் சூலு மொழியில் வேலை என்று பொருள். பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே கீறி ஒரு நாக்கு எடுத்து, அந்த நாக்கையே பூட்டாக்கும் முறை அவரால்தான் பரவியது. இன்று ஃபிரேம் லாக் என்று நூறு கம்பெனிகள் செய்வதற்கு மூலம் அதுதான். அவருக்கு முன் மைக்கேல் வாக்கர் என்ற கத்தி செய்பவர் மெல்லிய உட்தகட்டில் செய்த பூட்டை இவர் தடிமனாக்கினார் என்று சொல்லலாம். டூல்ரூம்காரன் கண்ணால் அந்தக் கத்தியைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். திருகாணியைக் கழற்றி முழுவதும் பிரித்து மறுபடி மாட்டினால், எதையும் சரிப்படுத்தாமல், அலகு அதே இடத்தில் வந்து நிற்கும். ஆட்டம் இருக்காது. இது மாதிரி அளவுத் துல்லியத்துக்கு எத்தனை கிரைண்டிங் வேலை ஆகும் என்று எனக்குத் தெரியும். டைட்டானியம் எஃகோடு உரசினால் பிய்த்துக்கொண்டு ஒட்டும் குணம் உள்ளது, அதனால் பூட்டும் அலகும் தொடும் இடத்தில் ஒரு சின்னச் செராமிக் குண்டை வைத்திருக்கிறார்கள். இப்போது வரும் செபென்சா 31 மேக்னாகட் எஃகிலேயே கிடைக்கிறது. சின்ன அளவுக்கு அலகு 7.6 சென்டிமீட்டர்.

அப்படியானால் வாங்கலாமா? விலை 500 அமெரிக்க டாலரை ஒட்டி வரும், ஆகவே நம் கைக்கு வரும்போது 2,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். வெட்டுவதில் அது 700 ரிங்கிட் கத்தியைவிட மூன்று மடங்கு நன்றாக வெட்டாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல எஃகு, நல்ல பதம், மெல்லிய விளிம்பு மூன்றும் 600, 700 ரிங்கிட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேலே கொடுப்பதெல்லாம் பொருத்தத்துக்கும் மெருகுக்கும், முப்பது வருடம் கழித்தும் பிரித்து மாட்டலாம் என்ற உறுதிக்கும். அந்த அழகுக்குப் பணம் கொடுப்பது தவறே இல்லை, நானே கொடுப்பேன். ஆனால் அழகுக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். கம்பெனி பழுது பார்த்துக் கொடுக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கும்போது, கத்தி ஐடஹோ போய்த் திரும்பி வரும் கூரியர் செலவையும் வழியில் சுங்கத்தையும் சேர்த்து யோசியுங்கள்.

பூட்டு வகைகளைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். எனக்கு அதில் அதிக ஆர்வம் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிரேம் லாக், பெஞ்ச்மேட் கம்பெனியின் ஆக்சிஸ் லாக், ஸ்பைடர்கோ கம்பெனியின் கம்ப்ரெஷன் லாக், முதுகில் அழுத்தித் திறக்கும் பழைய பேக் லாக், ஒழுங்காகச் செய்திருந்தால் நான்குமே உங்கள் வேலைக்குப் போதும். எது அதிக எடை தாங்கும் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மடக்குக் கத்தியைக் குத்தவும் நெம்பவும் பயன்படுத்தினால் எந்தப் பூட்டும் ஒருநாள் விரலில் மடங்கும். இடது கைக்காரர் என்றால் ஆக்சிஸ் அல்லது பேக் லாக் வசதி. ஆனால் நம் ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆக்சிஸ் லாக்கில் பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை உதறினால் அலகு தானே வெளியே வந்துவிடும். சட்ட அட்டவணையில் உதறித் திறக்கும் கத்தியைப் பற்றி இருப்பதைச் சொன்னேன் அல்லவா, இது அந்த வகையில் வருமா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. அந்த வாதத்தை நீங்கள் காவல் நிலையத்தில் நடத்த வேண்டாம். ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் கத்திகளுக்கும் இதே பதில். நகத்தாலோ கட்டைவிரலாலோ நிதானமாகத் திறக்கும் கத்தியே நமக்கு ஏற்றது.

இன்னொன்று, அச்சில் குண்டு பேரிங் வைத்த கத்திகள் இப்போது பிரபலம், விரலால் தட்டினால் வெண்ணெயாகத் திறக்கும். கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணல் அந்தக் குண்டுகளுக்குள் போய் நறநறக்கும், மீன் செதிலும் உப்பும் உள்ளே தங்கும். செபென்சாவில் இருப்பது வெண்கல வளையங்கள், அவை பரவாயில்லை. ஆனாலும் 2,000 ரிங்கிட் கத்தியால் கடலில் மீன் குடல் எடுப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை, அதுவும் படகு ஆடும்போது கை தவறினால் அது கடலோடு போய்விடும்.

வாங்கும் இடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இணையக் கடைகளில் செபென்சா என்றும் ஸ்பைடர்கோ என்றும் 120 ரிங்கிட்டுக்கு வருபவை போலி. அலகில் எஸ்30வி என்று பொறித்திருப்பார்கள், எஃகு என்னவோ கிடைத்தது. பொறிப்பைப் பார்த்து நம்பாதீர்கள், விலையைப் பார்த்தே புரிந்துகொள்ளுங்கள். அதற்காகச் சீனக் கத்தி என்றாலே ஒதுக்கவும் வேண்டாம். குவாங்டோங் மாநிலத்தின் யாங்ஜியாங் நகரம் கத்திக்கே பேர்போனது. அங்கிருந்து தங்கள் சொந்தப் பெயரில் செய்யும் வீ, ரியாட் போன்ற கம்பெனிகளின் வேலை சுத்தம் பல அமெரிக்கக் கத்திகளைவிட மேல். சொந்தப் பெயரில் விற்பவனை நம்பலாம், அடுத்தவன் பெயரைப் பொறிப்பவனை எதிலும் நம்ப முடியாது.

சாணையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. என் அப்பா கெடாவில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து மறுநாளுக்குப் பால் வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டுவார். பட்டை எத்தனை மெல்லியதாகச் சீவினாலும் மரத்தின் உள்சதையில் படக்கூடாது, பட்டால் மரம் காயப்பட்டுவிடும், கங்காணி திட்டுவார். அந்தக் கத்தி விலை சில வெள்ளிதான். ஆனால் அத்தனை கூரான விளிம்பை நான் பிறகு விலை உயர்ந்த கத்திகளில் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். 2,000 ரிங்கிட் கத்தி வாங்கும் பலரிடம் ஒரு கல் கூட இருப்பதில்லை. ஆறு மாதத்தில் அது மழுங்கிப்போய், பெட்டி நாடாவைக் கிழிக்கும் கருவியாகிவிடுகிறது. அட்டைப்பெட்டி பார்க்க மென்மையாக இருந்தாலும் எஃகை மிக வேகமாகத் தின்னும். நீங்கள் ஒதுக்கிய தொகையில் முதல் 200 ரிங்கிட்டை எடுத்து வைரத்துகள் பதித்த ஒரு தீட்டும் தகடும் ஒரு தோல் பட்டையும் வாங்குங்கள். வைரம் ஏன் என்றால், மேக்னாகட், எஸ்30வி போன்றவற்றில் இருக்கும் வனேடியக் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லின் துகளைவிடக் கடினமானது. கல் தேயும், கார்பைடைச் சுற்றியுள்ள எஃகைத்தான் அறுக்கும், கார்பைடை அறுக்காது. ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரிக்குள் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் பிசிர் எழுந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே கத்தியைத் திருப்புங்கள், கடைசியில் அந்தப் பிசிரைத் தோலில் எடுத்துவிடுங்கள். முதலில் வீட்டுச் சமையல் கத்தியில் பழகுங்கள். தெருவில் மோட்டார் சக்கரத்தில் சாணை பிடித்துத் தருபவரிடம் மட்டும் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும் சூட்டில் விளிம்பின் பதம் போய்விடும், பார்க்கத் தெரியாது, பிறகு கூரே நிற்காது.

சரி, உங்கள் 2,000 ரிங்கிட்டுக்கு என் யோசனை இது. ஆபிஸ் இழுப்பறைக்கு விக்டோரினாக்ஸ் கேடெட் அல்லது அதைப் போல பூட்டு இல்லாத, நகத்தால் திறக்கும் ஒரு சின்னக் கத்தி. சக ஊழியர் யாரும் அதைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்கள், பழம் நறுக்க அதைவிட நல்லது வேண்டியதில்லை. தூண்டில் பெட்டிக்கு ஸ்பைடர்கோவின் சால்ட் வரிசையில் ஒன்று. நேட்டிவ் 5 சால்ட் என்பது மேக்னாகட் எஃகு, பேக் லாக், அலகு ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர், அலகின் வட்டத் துளையில் கட்டைவிரலை வைத்துத் திறக்கலாம். ஈரக் கையிலும் பிடி வழுக்காது. இரண்டும் வைரத் தகடும் சேர்த்து உங்கள் தொகையில் பாதியை ஒட்டி முடிந்துவிடும். மீதியை வைத்திருங்கள். ஒரு வருடம் இந்த இரண்டையும் பயன்படுத்தி, நீங்களே தீட்டிப் பழகி, அதற்குப் பிறகும் செபென்சா மேல் ஆசை அப்படியே இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அப்போது அதை வீட்டில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை பிரித்துத் துடைத்து மாட்டி, அந்தப் பொருத்தத்தைக் கையால் உணரும் சந்தோஷத்துக்காக வாங்குவீர்கள். அந்தச் சந்தோஷம் உண்மையானது.

கத்தி கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். திறந்து, அலகை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. மடக்கி வெளிச்சத்தில் பிடியின் வாய்க்குள் பாருங்கள், அலகு நடுவில் இருக்க வேண்டும். பூட்டுப் போட்ட நிலையில், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், ஆனால் பழம் நறுக்கும் அலகில் அதைப் பூசாதீர்கள், அதற்கு உணவுத்தரக் கனிம எண்ணெய் தனியாகக் கிடைக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து அச்சை இறுக்கிவிடும். கடலுக்குப் போய் வந்த இரவு எத்தனை களைப்பாக இருந்தாலும் கத்தியைத் திறந்து குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துடைத்து, திறந்தபடியே காற்றாடிக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.